ஆப்பிரிக்காவில் சீனாவின் செல்வாக்கு: நமது அளவுகோல் எது?

ஆப்பிரிக்க நாடுகளில் சீனாவின் அரசியல் செல்வாக்கு வளர்ந்துவருவதைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் தொடர்ந்து நம் காதில் விழுகின்றன. முதலாளித்துவ ஊடகங்கள் அதனைப் புதிய காலனியாதிக்கம் என்கின்றன. ஏழை நாடுகளைக் கடன் பொறியில் சிக்கவைத்துத் துறைமுகங்களையும் சுரங்கங்களையும் பறிக்கும் சூழ்ச்சி என வர்ணிக்கின்றன. இடதுசாரி வட்டாரங்களில் சிலர் இதற்கு மறுமொழியாக, சீனா செல்லும் இடமெல்லாம் பரஸ்பர நன்மையே விளைகிறது என்று கூறி விவாதத்தை முடித்துக்கொள்கின்றனர்.

இரு தரப்பும் பெய்ஜிங்கையும் வாஷிங்டனையும் பார்த்தே பேசுகின்றன. ஆப்பிரிக்காவின் உழைக்கும் மக்கள் இரண்டு பேச்சுகளிலும் இல்லை. நமது இயக்கத் தோழர்களுக்கு இந்த விவாதம் வெறும் வெளியுறவுச் செய்தி அன்று. சீன எதிர்ப்பைக் காட்டியே நம் நாட்டை அமெரிக்காவின் ராணுவ வியூகத்துக்குள் இழுத்துச் செல்கிறது மோடி அரசு. அதனை எதிர்த்து மக்களிடம் பேசும்போது, சீனா ஆப்பிரிக்காவில் செய்வது என்ன என்ற கேள்விக்கு நேர்மையான, விவரங்களின் மேல் நிற்கும் பதில் நம்மிடம் இருக்க வேண்டும். அந்தப் பதிலை ஒரு நாட்டின் அனுபவத்திலிருந்து தேட முயல்கிறது இக்கட்டுரை. அந்த நாடு, தென்மத்திய ஆப்பிரிக்காவில் கடற்கரை இல்லாத, தாமிர வளம் மிகுந்த ஜாம்பியா.

நம்பிக்கை பிறந்த கதை

பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து 1964 அக்டோபரில் ஜாம்பியா விடுதலை பெற்றது. மறு ஆண்டே தெற்கு எல்லையில் இருந்த ரொடீசியாவின் வெள்ளை இனவெறியர்கள் தன்னிச்சையாகத் தங்கள் ஆட்சியைப் பிரகடனம் செய்தனர். ஜாம்பியாவின் தாமிரம் கடலைச் சென்றடைய வேண்டுமானால் அந்த ரொடீசியா வழியாகவே ரயில் ஏற வேண்டும். இந்தப் பிடியிலிருந்து விடுபட, அண்டை நாடான தான்சானியாவின் டார் எஸ் சலாம் துறைமுகம் வரை புதிய ரயில்பாதை வேண்டும் என்று ஜனாதிபதி கென்னத் கவுண்டாவும் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரேயும் கோரினர். உலக வங்கி மறுத்தது. மேற்கத்திய அரசுகளும் கைவிரித்தன. லாபம் தராத திட்டம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

1967இல் சீனா முன்வந்தது. அப்போது தனிநபர் வருமானத்தில் ஜாம்பியாவைவிடவும் ஏழை நாடு சீனா. வட்டியில்லாக் கடனாக அது நிதி தந்தது. பல்லாயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களும் பொறியாளர்களும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுடன் இணைந்து உழைத்தனர். சீனத் தொழிலாளர்களில் 60க்கும் மேற்பட்டோர் அந்தப் பணியில் உயிரிழந்தனர். 1970இல் தொடங்கி 1975இல் முடிந்த டாசரா ரயில்பாதையின் நீளம் 1,860 கிலோமீட்டர். அது இரு நாடுகளிடமும் ஒப்படைக்கப்பட்டது. அவ்விரு நாடுகளுக்குமே சொந்தமானது.

இந்தத் தோழமையின் அரசியல் விளைவு விரைவில் தெரிந்தது. 1971 அக்டோபர் 25 அன்று ஐ.நா. பொதுச்சபையில் மக்கள் சீனத்துக்கு அதன் இடத்தை மீட்டளிக்கும் தீர்மானம் 76 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 35 வாக்குகள். ஆதரித்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை ஆப்பிரிக்க நாடுகள். இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. 1981இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பதவிக்குத் தான்சானியாவின் சலீம் அகமது சலீம் போட்டியிட்டபோது, மேற்கு நாடுகளின் ஆதரவு பெற்ற வேட்பாளரைச் சீனா தன் ரத்து அதிகாரத்தால் திரும்பத் திரும்பத் தடுத்தது. சலீமை அமெரிக்கா தடுத்தது. ஆப்பிரிக்கத் தலைவர்கள் இதை மறக்கவில்லை.

இன்று மேற்கத்திய ஆய்வாளர்கள் சீனாவின் செல்வாக்கைப் பணத்தின் விளைவாக மட்டும் காண்கிறார்கள். பணம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம்பிக்கை வந்துவிட்டது என்பதை வரலாறு காட்டுகிறது. காலனியாதிக்கத்தின் எச்சங்களோடு போராடிக்கொண்டிருந்த நாட்டுக்கு, அதற்குத் தேவையான ஒன்றை, அது கேட்ட நேரத்தில் செய்துகொடுத்ததே அந்த நம்பிக்கையின் அடித்தளம்.

வீட்டைக் காலி செய்தவர்கள் யார்?

கவுண்டா அரசு 1969இல் தாமிரச் சுரங்கங்களின் 51 சதவீதப் பங்குகளைப் பொதுவுடைமையாக்கும் முடிவை அறிவித்தது. சுரங்க நகரங்களில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் குடியிருப்புகளும் சுரங்க நிறுவனத்தின் பொறுப்பில் இயங்கின. 1970களின் நடுப்பகுதியில் உலகச் சந்தையில் தாமிர விலை சரிந்தது. கடன் ஏறியது. கடனோடு சர்வதேச நிதியமும் உலக வங்கியும் வந்தன. அவற்றோடு கட்டமைப்புச் சீரமைப்பு நிபந்தனைகளும் வந்தன. 1991க்குப் பின் அமைந்த ஆட்சி அந்த நிபந்தனைகளை முழுமையாக ஏற்றது. 1997 முதல் 2000 வரையிலான காலத்தில் பொதுத்துறைச் சுரங்க நிறுவனம் துண்டுதுண்டாக்கப்பட்டு விற்கப்பட்டது. சுமார் 7 லட்சம் டன்னாக இருந்த ஆண்டு உற்பத்தி, 2000ஆம் ஆண்டு வாக்கில் 2.5 லட்சம் டன் அளவுக்கு விழுந்திருந்தது. வாங்கியவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் பலவற்றில் கனிம ராயல்டி வெறும் 0.6 சதவீதம். 2008இல் தாமிர விலை உச்சத்தில் இருந்தபோது கொண்டுவந்த கூடுதல் வரியும் மறு ஆண்டே கைவிடப்பட்டது.

சீன அரசு நிறுவனம் ஜாம்பியச் சுரங்கத் துறைக்குள் வந்தது இந்த ஏலத்தின் வழியாகத்தான். 1998இல் சாம்பிஷி சுரங்கத்தின் 85 சதவீதப் பங்கை 2 கோடி டாலருக்கு அது வாங்கியது. வீட்டைக் காலி செய்தவர்கள் வேறு. காலியான வீட்டுக்குள் நுழைந்தவர்களில் சீனாவும் ஒன்று. இந்த வரிசையை மறைத்துவிட்டுப் பேசுவோர் உண்மையைப் பேசவில்லை.

கடன் பொறி என்னும் கதை

2020 நவம்பரில் ஜாம்பியா தன் கடன் பத்திரங்களுக்கான வட்டியைக் கட்ட இயலாமல் தவணை தவறியது. உடனே சீனக் கடன் பொறியில் சிக்கிய நாடு என்று ஜாம்பியாவுக்கு முத்திரை குத்தப்பட்டது. விவரங்களைப் பார்ப்போம். 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் மேற்கத்திய நிதிச் சந்தையில் கடன் பத்திரங்களை வெளியிட்டு ஜாம்பியா திரட்டிய தொகை 300 கோடி டாலர். அது தவறவிட்ட தவணை அந்தப் பத்திரங்களின் வட்டியே. 2023 ஜூனில் அரசுகளுக்குத் தர வேண்டிய 630 கோடி டாலர் கடனை மறுசீரமைக்க உடன்பாடு ஏற்பட்டது. அதில் சுமார் 410 கோடி டாலர் சீனாவுக்குரியது. தனியார் பத்திரதாரர்களோடு பேசி முடிக்க மேலும் ஓராண்டு ஆனது. இதற்கிடையே 2022இல் சர்வதேச நிதியம் அளிக்க ஒப்புக்கொண்ட 130 கோடி டாலருக்கு ஈடாக எரிபொருள் மானியத்தை மக்கள் இழந்தனர்.

கடன் கொடுத்த தனி அரசுகளில் சீனாவே பெரியது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மானியத்தை வெட்டு, பொதுத்துறையை விற்றுவிடு என்ற நிபந்தனைகள் வந்தது வாஷிங்டனில் தலைமையகம் கொண்ட நிறுவனங்களிலிருந்து. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனதைச் சுட்டி இலங்கையைப் பற்றிச் சொல்லப்படும் கதையும் இதே வகையினதே. 2022இல் இலங்கை திவாலானபோது, சீனக் கடனைவிடச் சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களின் பங்கே பெரியதாக இருந்தது.

ஆயினும் கடன் பொறிக் கதை பொய் என்று நிறுவிவிட்டால் நமது வேலை முடிந்துவிடாது. சீன வங்கிகளின் கடன் ஒப்பந்தங்கள் பலவற்றில், விவரங்களை வெளியிடக் கூடாது என்ற விதி உண்டு. 2021இல் ஆட்சி மாறும்வரை தங்கள் நாடு சீனாவுக்குப் பட்ட கடன் எவ்வளவு என்பதே ஜாம்பிய மக்களுக்கு முழுமையாகத் தெரியாது. ஒரு நாட்டின் நாடாளுமன்றத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் மறைக்கப்படும் கடனை அந்நாட்டு மக்களின் நலனுக்கான கடன் என்று எப்படிச் சொல்வது? மறைவு என்பது மேற்கத்திய வங்கியில் இருந்தாலும் தவறு. சீன வங்கியில் இருந்தாலும் தவறு.

சாம்பிஷித் தொழிலாளியின் அனுபவம்

சீன நிறுவனம் வாங்கிய சாம்பிஷி சுரங்கத்தின் வளாகத்தில் ஒரு வெடிமருந்து ஆலை இருந்தது. 2005 ஏப்ரலில் அது வெடித்துச் சுமார் 50 ஜாம்பியத் தொழிலாளர்கள் மாண்டனர். பெரும்பாலோர் இளைஞர்கள், நிரந்தர வேலை இல்லாதவர்கள். மறு ஆண்டு ஊதிய உயர்வு கோரிப் போராடிய சாம்பிஷித் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 2007இல் ஜாம்பியா வந்த சீன ஜனாதிபதி ஹூ ஜிந்தாவோ தாமிரப் பகுதிக்குச் செல்லவிருந்த பயணம், எதிர்ப்புக்கு அஞ்சி ரத்து செய்யப்பட்டது. டாசராவைக் கட்டிய நாட்டின் தலைவர் தாமிரத் தொழிலாளர்களைச் சந்திக்க இயலாமல் திரும்பினார் என்பது சாதாரண நிகழ்ச்சி அன்று. 2010இல் சீனத் தனியாருக்குச் சொந்தமான கொல்லம் நிலக்கரிச் சுரங்கத்தில் மேற்பார்வையாளர்கள் இருவர் சுட்டதில் 11 தொழிலாளர்களாவது காயமுற்றனர். அந்த இருவர் மீதான வழக்கு மறு ஆண்டு கைவிடப்பட்டது.

இந்தக் கோபத்தை அரசியலாக்கியவர் மைக்கேல் சாட்டா. சீன முதலீட்டாளர்களைக் கடுமையாகச் சாடிப் பிரச்சாரம் செய்த அவர், 2006 தேர்தலில் தோற்றாலும் தாமிரப் பகுதி நகரங்களில் பெரும் ஆதரவைப் பெற்றார். 2011இல் வென்றார். வென்ற சில வாரங்களிலேயே சீன முதலீட்டாளர்களுக்கு விருந்தளித்தார். கவுண்டாவைத் தன் தூதராகப் பெய்ஜிங்குக்கு அனுப்பினார். ஆளும் வர்க்கத்தின் சீன எதிர்ப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது நல்ல பாடம். தொழிலாளர்கள் தலைவரை நம்பிக் காத்திருக்கவில்லை. அதே அக்டோபரில் சாம்பிஷியில் வேலைநிறுத்தம் நடந்தது. நிர்வாகம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தது. பின்னர் அவர்களைத் திரும்ப எடுக்க நேர்ந்தது.

இந்தச் சித்திரத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 2008இல் உலக நிதி நெருக்கடி வெடித்துத் தாமிர விலை வீழ்ந்தபோது, தனியார் பன்னாட்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பின. லுவான்ஷ்யா சுரங்கம் இழுத்து மூடப்பட்டது. சீன அரசு நிறுவனமோ சாம்பிஷியில் ஆட்குறைப்பு செய்யவில்லை. உற்பத்தியையும் முதலீட்டையும் குறைக்கவில்லை. மூடிக் கிடந்த லுவான்ஷ்யாவையும் 2009இல் ஏற்று நடத்தியது. ஜாம்பியாவில் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்த சமூகவியல் அறிஞர் சிங் குவான் லீ இந்த வேறுபாட்டை விரிவாக விளக்கியுள்ளார். காலாண்டு லாபத்தை மட்டுமே பார்க்கும் தனியார் மூலதனத்திலிருந்து சீன அரசு மூலதனம் வேறுபடுகிறது. தாமிரம் தடையின்றிக் கிடைப்பதும், அந்நாட்டு அரசோடு நல்லுறவு நிலைப்பதும் அதற்கு முக்கியம். ஆகவே அது பேரத்துக்கு இடம் தருகிறது.

இடம் தருகிறது என்பதே இங்கு கவனிக்க வேண்டிய சொல். தானாக எதையும் அது தந்துவிடுவதில்லை. சாம்பிஷியின் ஊதியம் நீண்ட காலம் பெரிய சுரங்கங்களிலேயே மிகக் குறைவானதாக இருந்தது. தெருவிலும் வாக்குச்சாவடியிலும் தொழிலாளர்களின் அழுத்தம் எழுந்த பிறகே சலுகைகள் கிடைத்தன. அரசியல் செல்வாக்கை விரும்பும் வல்லரசுக்கு அந்த விருப்பமே ஒரு பலவீனம். அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் அமைப்பு வலிமை உழைக்கும் மக்களிடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது.

அன்றைய ரயில்பாதையும் இன்றைய ஒப்பந்தமும்

டாசரா ரயில்பாதை பராமரிப்பின்றி நலிந்துபோனது. அதைப் புதுப்பிப்பதற்கான ஒப்பந்தம் 2025இல் கையெழுத்தாயிற்று. சீன அரசு நிறுவனம் சுமார் 140 கோடி டாலர் முதலீடு செய்யும். ஈடாக 30 ஆண்டுகளுக்கு அந்தப் பாதையை இயக்கும் உரிமையைப் பெறும். மறுபுறம் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும், அதே தாமிரப் பகுதியின் கனிமங்களை அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகம் வழியே அட்லாண்டிக் கடலுக்குக் கொண்டுசெல்லும் ரயில்பாதைக்கு நிதியளிக்கின்றன. 2024 டிசம்பரில் ஜோ பைடன் அங்கோலா சென்றதன் மையப் பொருள் அதுவே. மின்சார வாகனங்களுக்கும் மின்கலங்களுக்கும் தேவையான தாமிரத்துக்கும் கோபால்ட்டுக்கும் நடக்கும் போட்டி இது. ஒரு பாதை கிழக்கே போகிறது. மற்றொன்று மேற்கே போகிறது. இரண்டிலும் வெளியேறுவது ஜாம்பியாவின் மண்.

1975இன் டாசராவையும் 2025இன் டாசராவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மாற்றம் புரியும். முன்னதில் வட்டியில்லாக் கடனும் முழு ஒப்படைப்பும்; பின்னதில் முதலீடும் இயக்க உரிமையும். இது கொள்ளை என்று சொல்வது மிகை. உலக வங்கி இன்றும் தராத ஒன்றைச் சீனா தருகிறது. ஆனால் முன்னது விடுதலை இயக்கத்தோடு கொண்ட தோழமை. பின்னது அரசோடு செய்யும் வணிகம். வணிகத்துக்கு வணிகத்தின் அளவுகோலையே பயன்படுத்த வேண்டும். தோழமையின் பெயரைச் சொல்லி அதற்கு விலக்கு அளிக்கக் கூடாது.

கட்சிப் பள்ளி கற்பிப்பது என்ன?

செல்வாக்கு ரயில்பாதையிலும் கடனிலும் மட்டும் தங்கியிருக்கவில்லை. 1991 முதல் ஒவ்வோர் ஆண்டும் சீன வெளியுறவு அமைச்சரின் முதல் பயணம் ஆப்பிரிக்காவுக்கே. 2000இல் தொடங்கிய சீன ஆப்பிரிக்க ஒத்துழைப்பு மன்றம் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை கூடுகிறது. 2024 கூட்டத்தில் 36,000 கோடி யுவான் அளவுக்கு நிதி உறுதி அளிக்கப்பட்டது. அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகக் கட்டடம் சீனாவின் கொடையாக 2012இல் திறக்கப்பட்டது. தூதரக உறவு கொண்ட மிகவும் வளர்ச்சி குன்றிய நாடுகளின் பொருள்கள் அனைத்துக்கும் 2024 டிசம்பர் முதல் சுங்கவரி இல்லை என்று சீனா அறிவித்தது. அமெரிக்காவோ 2025இல் தன் வெளிநாட்டு உதவி முகமையையே மூடிவிட்டது. மதிப்போடு நடத்தப்படுவது யாரிடம், அவமதிக்கப்படுவது யாரிடம் என்பதை ஆப்பிரிக்க நாடுகள் அறியும்.

இவற்றோடு, நமது இயக்கம் தனியே சிந்திக்க வேண்டிய ஒன்றும் உள்ளது. தான்சானியாவின் கிபாஹாவில் நைரேரேயின் பெயரால் ஒரு தலைமைப் பயிற்சிப் பள்ளி 2022இல் திறக்கப்பட்டது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் நிதியுதவியோடு, சுமார் 4 கோடி டாலரில் கட்டப்பட்டது அது. தான்சானியா, தென்னாப்பிரிக்கா, நமீபியா, மொசாம்பிக், அங்கோலா, ஜிம்பாப்வே ஆகிய ஆறு நாடுகளின் விடுதலைப் போராட்டக் கட்சிகள் அதனைக் கூட்டாக நடத்துகின்றன. இந்த ஆறு கட்சிகளும் விடுதலைக்குப் பின், அல்லது இனஒதுக்கல் வீழ்ந்த பின், இன்றுவரை ஆட்சியில் இருப்பவை.

கட்சி ஊழியர்களுக்கு வகுப்பு நடத்துவதில் தவறு காண நமக்கு எந்த முகாந்திரமும் இல்லை, நாமும் நடத்துகிறோம். பல பத்தாண்டுகளாக மேற்கத்திய அறக்கட்டளைகள் ஆப்பிரிக்கக் கட்சிகளுக்கும் ஊடகங்களுக்கும் பயிற்சியளித்து வருகின்றன. அதை யாரும் சதி என்பதில்லை. வறுமை ஒழிப்பு, தொழில் கொள்கை, ஊழல் தடுப்பு ஆகியவற்றில் சீன அனுபவத்திலிருந்து கற்பது பயனுள்ளதே. நமது கேள்வி வேறு. விடுதலைப் போரை நடத்திய அந்தக் கட்சிகள் இன்று தங்கள் மக்களோடு எந்த உறவில் உள்ளன? மொசாம்பிக்கில் 2024 அக்டோபர் தேர்தலுக்குப் பின் தெருவுக்கு வந்த இளைஞர்கள் மீது குண்டுகள் பாய்ந்தன. தான்சானியாவில் 2025 அக்டோபர் தேர்தலின்போதும் அதுவே நடந்தது. தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 2024இல் முதன்முறையாகப் பெரும்பான்மையை இழந்தது. வேலையில்லா இளைஞர்களிடமிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடமிருந்தும் அன்னியப்பட்டுவரும் கட்சிக்கு, ஆட்சியை நிர்வகிக்கும் கலையை மட்டும் கற்றுத்தருவது சோஷலிசக் கல்வி ஆகாது. மக்களிடமிருந்து விலகிய கட்சி மீண்டும் மக்களிடம் செல்வது எப்படி என்பதே அங்கு முதல் பாடமாக இருக்க வேண்டும்.

பிற நாடுகளின் உள்விவகாரங்களில் தலையிடாமை என்பது சீனாவின் அறிவிக்கப்பட்ட கொள்கை. குண்டு வீசியும் ஆட்சிகளைக் கவிழ்த்தும் பழகிய அமெரிக்காவோடு ஒப்பிட்டால் அக்கொள்கையின் மதிப்பு மிகப் பெரிது. அதே சமயம், அரசோடும் ஆளும் கட்சியோடும் மட்டும் பேசும்போது, சாம்பிஷியில் வேலைநிறுத்தம் செய்பவர் பேச்சுவார்த்தை மேசைக்கு வெளியே நிற்கிறார். ஓர் அரசுக்கு இது ராஜதந்திரம் ஆகலாம். தொழிலாளி வர்க்கக் கட்சிக்கு இது போதாது.

இந்திய மூலதனமும் கண்ணாடியில் தெரிகிறது

சீனாவைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டுப் பெருமுதலாளிகளை மறந்துவிடலாகாது. உலகளாவிய தெற்கின் குரல் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது மோடி அரசு. 2023இல் டெல்லியில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி-20இல் சேர்க்கப்பட்டதை அது பெருமையாக முழங்கியது. அந்தப் பெருமைக்குப் பின்னால் நடப்பதையும் அதே ஜாம்பியா காட்டுகிறது. சிங்கோலாவில் உள்ள கொன்கோலா தாமிரச் சுரங்கத்தின் 51 சதவீதப் பங்கை 2004இல் வெறும் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது வேதாந்தா. 2006இல் அதன் கழிவு கஃபுவே ஆற்றை நஞ்சாக்கியது. 1,826 கிராம மக்கள் தொடுத்த வழக்கை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு ஓராண்டு முன்னர்தான், 2018 மே 22 அன்று, இதே வேதாந்தாவின் தாமிர உருக்காலைக்கு எதிராகத் தூத்துக்குடியில் பேரணி சென்ற மக்கள் மீது காவல்துறை சுட்டதில் 13 பேர் உயிரிழந்தனர்.

2025 பிப்ரவரியில் அதே கஃபுவே மீண்டும் நஞ்சானது. இம்முறை சாம்பிஷியில் சீன அரசு நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று அமிலக் கழிவைத் தேக்கிவைத்திருந்த அணை உடைந்தது. மீன்கள் செத்து மிதந்தன. கரையோரப் பயிர்கள் கருகின. கிட்வே நகரத்துக்குக் குடிநீர் நிறுத்தப்பட்டது. ஆற்றங்கரை விவசாயிக்கு நஞ்சு எந்த நாட்டிலிருந்து வந்த முதலீட்டின் நஞ்சு என்பது பொருட்டல்ல. தூத்துக்குடியின் துயரத்தைத் தெரிந்த நமக்கும் அது பொருட்டாகக் கூடாது.

கென்யாவில் நடந்தது நம்பிக்கை தரும் செய்தி. நைரோபி விமான நிலையத்தை 30 ஆண்டுகளுக்கு அதானி குழுமத்திடம் ஒப்படைக்கும் திட்டத்தை எதிர்த்து 2024 செப்டம்பரில் விமானப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதானி மீது அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு பதிவானதும், நவம்பரில் கென்ய அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. தொழிலாளர்கள் எழுப்பிய கேள்விகள் அதற்கு முன்பே அந்த ஒப்பந்தத்தை மக்கள் மன்றத்தில் நிறுத்திவிட்டிருந்தன.

நமது நிலைப்பாடு

வளரும் வல்லரசு ஒன்றின் செல்வாக்கை அளக்க நமக்கு வேண்டியது கொடியின் நிறத்தைப் பார்க்கும் கோல் அன்று. கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. ஒப்பந்தம் மக்களுக்குத் தெரிய வெளியிடப்பட்டதா? வேலை நிரந்தரமானதா, சங்கம் அமைக்கும் உரிமை மதிக்கப்படுகிறதா? கனிமம் கல்லாகவே வெளியேறுகிறதா, அல்லது உள்நாட்டில் தொழிலாக வளர்கிறதா? ஆறும் நிலமும் கெட்டால் ஈடு செய்வது யார்? கடைசியாக, அந்த நாட்டின் உழைக்கும் வர்க்கத்தின் பேர வலிமை இந்த உறவால் கூடியதா, குறைந்ததா? வாஷிங்டனுக்கும் பெய்ஜிங்குக்கும் புதுடெல்லிக்கும் இக்கேள்விகள் ஒன்றே.

இந்தக் கோலால் அளந்தாலும் அமெரிக்க ஏகாதிபத்தியத்தையும் சீனாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒரு தரப்பு நூற்றாண்டுகளின் கொள்ளையையும் சர்வதேச நிதியத்தின் நிபந்தனைகளையும் ராணுவத் தளங்களையும் சுமந்து நிற்கிறது. மறு தரப்பு, ஏழை நாடுகள் வேறு இடத்தில் கடன் கேட்கவும், பேரம் பேசவும், மறுக்கவும் ஒரு வெளியைத் திறந்துவிட்டிருக்கிறது. பல்துருவ உலகம் என்று நாம் சொல்வதன் உண்மையான பயன் அந்த வெளியே. ஆனால் வெளி திறந்திருப்பதாலேயே விடுதலை வந்துவிடுவதில்லை. அதில் யார் நுழைகிறார்கள் என்பதை வர்க்கப் போராட்டமே தீர்மானிக்கிறது. ஆளும் கும்பல்கள் நுழைந்தால் பழைய சுரண்டலுக்குப் புதிய பங்காளிகள் கிடைப்பார்கள். தொழிற்சங்கங்களும் விவசாய அமைப்புகளும் இடதுசாரிக் கட்சிகளும் நுழைந்தால் ராயல்டி உயரும், ஊதியம் உயரும், ஒப்பந்தங்கள் வெளிச்சத்துக்கு வரும்.

எனவே நமது கடமை இருவகைப்பட்டது. சீனப் பூச்சாண்டி காட்டி நாட்டின் சுயேச்சையான வெளியுறவுக் கொள்கையை நாற்கர அணியிடம் அடகு வைப்பதை உறுதியோடு எதிர்க்க வேண்டும். கடன் பொறிப் பிரச்சாரத்துக்கு விவரங்களால் பதில் சொல்ல வேண்டும். அதே உறுதியோடு, ஜாம்பியச் சுரங்கத் தொழிலாளரும் கஃபுவே கரை விவசாயியும் நியாயம் கேட்கும்போது, எதிரில் நிற்பது சீன அரசு நிறுவனமாயினும் வேதாந்தாவாயினும், அவர்கள் பக்கம் நிற்க வேண்டும். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியோடு நமக்குள்ள சகோதர உறவு இதற்குத் தடையன்று. சகோதரக் கட்சிகளுக்கு இடையே ஒளிவுமறைவற்ற பேச்சுக்கு இடம் உண்டு என்பதே அந்த உறவின் பொருள்.

தாமிரப் பகுதியிலிருந்து கிழக்கே செல்லும் ரயிலும் மேற்கே செல்லும் ரயிலும் ஒரே தொழிலாளியின் உழைப்பைத்தான் ஏற்றிச் செல்கின்றன. சர்வதேசியம் என்னும் சொல்லுக்கு நாம் தரும் பொருள், அந்தத் தொழிலாளியோடு நமக்குள்ள உறவிலிருந்தே தொடங்க வேண்டும்.